சேவல் கொண்டை மருந்தும் சில கேள்விகளும்

சென்ற இதழில் மூட்டுத் தேய்வு பற்றி எழுதியபோது, முழங்காலுக்குள் போடப்படும் ‘ஜெல் ஊசி’யை ஒரே வரியில் தொட்டுவிட்டுக் கடந்து சென்றிருந்தேன். கடிதங்கள் அந்த ஒரு வரிக்குத்தான் குவிந்திருக்கின்றன. பழைய வட ஆர்க்காடு இன்று பல மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டாலும், இம்முறை எல்லா ஊர்க்காரர்களும் பேசிவைத்துக்கொண்டதுபோல் ஹையலூரானிக் அமிலம் என்ற ஒரே பொருளைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதும் அதற்கே.

எனக்கு வயது 64. இரண்டு முழங்காலிலும் தேய்வு இருப்பதாகச் சொல்லி, வாரம் ஒன்றாக மூன்று ஜெல் ஊசி போட்டுக்கொள்ள எலும்பு மருத்துவர் அறிவுறுத்தியிருக்கிறார். அது சேவல் கொண்டையிலிருந்து எடுக்கும் மருந்து என்கிறார் என் மருமகன். நாங்கள் சைவக் குடும்பம். போட்டுக்கொள்ளலாமா, ஐயா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, காட்பாடி

அம்மா, உங்கள் மருமகன் சொன்னது பொய்யன்று, பாதி உண்மை. ஹையலூரானிக் அமிலம் மிகுதியாகச் சேர்ந்திருக்கும் இடங்களில் சேவலின் கொண்டையும் ஒன்று. கொண்டை விறைப்பாகவும் செழிப்பாகவும் நிற்பதற்கு அதுவே காரணம். பல ஆண்டுகள் மருந்து நிறுவனங்கள் கொண்டைகளை வாங்கி அரைத்துப் பிரித்தெடுத்துத்தான் இதைத் தயாரித்தன. இன்றும் சில ஊசி மருந்துகள் அவ்வாறே வருகின்றன. மற்றவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியாவைக் கலன்களில் வளர்த்து, அது தன் உடலைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் வழவழப்பான உறையிலிருந்து எடுக்கப்படுபவை. இரண்டு வழியில் வந்தாலும் பொருள் வேதியியல்படி ஒன்றே. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் எந்த வழியில் எடுத்தது என்று அச்சிட்டிருப்பார்கள். பாக்டீரியா வழி வந்ததையே வேண்டுமென்று மருத்துவரிடம் கேட்பதில் தயக்கம் வேண்டாம். பறவைப் புரதமோ முட்டையோ ஒவ்வாதவர்களும் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இனி அந்தப் பொருள் என்ன என்பதற்கு வருகிறேன். 1934ஆம் ஆண்டில் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்ற இருவர் மாட்டுக் கண்ணின் உட்பகுதியை நிரப்பியிருக்கும் கண்ணாடி போன்ற கூழிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். கிரேக்க மொழியில் கண்ணாடியைக் குறிக்கும் சொல்லையும், அதில் இருந்த யூரோனிக் அமிலத்தையும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். குளுக்குரோனிக் அமிலம், என்-அசிட்டைல் குளுக்கோசமைன் என்ற இரண்டு சர்க்கரை வகைகள் மாறி மாறி வரும் நீண்ட சங்கிலி அது. மல்லிகையையும் கனகாம்பரத்தையும் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தொடுத்த பூச்சரத்தை நினைத்துக்கொண்டால் போதும். எல்லாச் சரத்திலும் பூக்கள் அவையே, சரம் எத்தனை முழம் என்பதில்தான் வேறுபாடு. மூலக்கூறுகளின் எடையை டால்டன் என்ற நுண்ணிய அலகில் சொல்வார்கள்; ஒரு ‘சோடிப் பூ’வின் எடை ஏறத்தாழ 400 டால்டன். நலமான முழங்காலில் இருக்கும் சரத்தின் எடையோ பல இலட்சம் டால்டன். 40 இலட்சம் எடையுள்ள ஒரு சரத்தில் சுமார் 10,000 சோடிகள் இருக்கும். சரம் எத்தனை முழம் என்ற இந்தக் கேள்வியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்வரும் பதில்களிலும் அது திரும்பத் திரும்ப வரும்.

முழங்காலுக்குள் இருக்கும் மூட்டு நீர் சில மில்லிலிட்டர்தான். அதன் வழவழப்புக்குப் பெரிதும் காரணம் இந்தச் சரங்களே. தேய்வு வந்த மூட்டில் நீர் நீர்த்துப்போகிறது, சரங்களும் அறுந்து குட்டையாகின்றன. குறைந்ததை ஊசியால் நிரப்பிவிடலாமே என்பதுதான் இந்தச் சிகிச்சையின் எண்ணம். கேட்பதற்கு வண்டி அச்சுக்கு மசகு போடுவதைப்போல் நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் உள்ளே செலுத்தப்படும் ஜெல் மூட்டில் நெடுநாள் தங்குவதில்லை. குறுக்குப் பிணைப்பு இடாத வகை, அதாவது சரங்களை ஒன்றோடொன்று வேதிமுறையில் முடிச்சிடாத வகை, சில நாள்களுக்குள் பெரும்பாலும் வெளியேறிவிடும். அப்படியிருந்தும் சிலருக்கு மாதக் கணக்கில் வலி குறைவது ஏன் என்றால், மசகு என்ற விளக்கம் அங்கே போதாமல் போகிறது.

2022ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 21,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் பங்கேற்ற 169 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. அவற்றுள் பெரிய அளவில் நடத்தப்பட்டு, போலி ஊசியுடன் ஒப்பிட்ட ஆய்வுகளை மட்டும் தனியே எடுத்தபோது, வலியை 100 மில்லிமீட்டர் கோட்டில் குறிக்கச் சொன்னால் மருந்துக்கும் போலி ஊசிக்கும் இடையே இருந்த வேறுபாடு ஏறத்தாழ 2 மில்லிமீட்டராகவே இருந்தது. உங்கள் அளவுகோலில் 2 மில்லிமீட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர்களின் சங்கமும் 2021ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில் இதை வழக்கமாகப் பயன்படுத்தப் பரிந்துரைக்கவில்லை. வெறும் உப்புநீர் ஊசி போட்டாலும் பலருக்கு முழங்கால் வலி குறைகிறது என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும்.

போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்களைப் பரிசோதித்தவர் உங்கள் எலும்பு மருத்துவர். நான் கடிதத்தை மட்டும் படித்தவன். தொடைத் தசைக்கான பயிற்சியை மூன்று மாதம் ஒழுங்காகச் செய்து பார்த்தாயிற்றா, எடையில் நான்கைந்து கிலோ குறைக்க முடியுமா, இந்த ஊசிக்குப் பிறகும் வலி குறையாவிட்டால் அடுத்தது என்ன என்று அவரிடம் கேளுங்கள். கேட்டபின் போட்டுக்கொள்வதானால், ஓய்வூதியத்தில் இடிக்காத செலவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. செலவுச் சீட்டில் லென்ஸுக்குக் கீழே ‘விஸ்கோ’ என்று ஒரு வரி இருக்கிறது. கேட்டதற்கு, முழங்காலுக்குப் போடும் ஜெல்தான் என்றார்கள். கண்ணுக்குள் அதற்கு என்ன வேலை?
– வாசகர், குடியாத்தம்

ஒரே பொருள்தான், ஆனால் முழங்காலில் ஐயத்துடன் நிற்கும் அது, கண்ணில் எவ்வித ஐயமுமின்றி நிற்கிறது. கண் மருத்துவத்தில் வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே எழுத அனுமதி கேட்கிறேன்.

கருவிழிக்கும் லென்ஸுக்கும் இடையே உள்ள அறையின் ஆழம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். கருவிழியின் உட்புறத்தில் ஒற்றை வரிசையாகப் பதிந்திருக்கும் செல்கள், அங்கே கசியும் நீரை ஓயாமல் வெளியே இறைத்துக் கருவிழியைத் தெளிவாக வைத்திருக்கின்றன. மனிதரில் அந்தச் செல்கள் இழந்தால் இழந்ததுதான். புதிதாகப் பெருகி இடத்தை நிரப்புவதில்லை. அறுவையின்போது சிறு வழி திறந்தவுடனே உள்ளிருக்கும் நீர் வடிந்து, அறை கூடாரத் துணிபோல் சரிந்துவிடும். பிறகு கருவியோ லென்ஸோ அந்தச் செல்களின்மீது உரசாமல் உள்ளே போவது பெரும்பாடு. காற்றுக் குமிழியைச் செலுத்தி அறையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வேலை செய்த காலம் ஒன்று உண்டு. கை சற்று அசைந்தால் குமிழி நழுவிவிடும், மேசையைச் சுற்றி நிற்பவர்கள் அனைவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம்.

ஹங்கேரியில் பிறந்த எண்ட்ரே பலாஸ் என்ற அறிஞர், சேவல் கொண்டையிலிருந்து அழற்சி உண்டாக்காத அளவுக்குத் தூய்மையான ஹையலூரானிக் அமிலத்தை எடுக்கும் முறையை வகுத்தார். அதைக்கொண்டு ஸ்வீடன் நாட்டு நிறுவனம் ஒன்று தயாரித்த ‘ஹீலான்’ 1980 வாக்கில் கண் அறுவைக்கு வந்தது. (இதே பலாஸ் 1940களில் இதை ரொட்டிக் கடைகளில் முட்டை வெண்கருவுக்கு மாற்றாகப் பயன்படுத்தலாம் என்று யோசித்தவர் என்பதை மாணவர்களிடம் சொன்னால் வகுப்பே விழித்துக்கொள்ளும்.) மெல்லிய ஊசிக்குழாய் வழியே வேகமாகத் தள்ளும்போது சரங்கள் ஒரே திசையில் நீண்டு நீர்போல் ஓடும்; அறைக்குள் போய் நின்றதும் மீண்டும் சுருண்டு பின்னிக்கொண்டு, இளநுங்குபோல் கெட்டியாகி இடத்தைத் தாங்கும். தள்ளினால் நெகிழ்ச்சி, நின்றால் உறுதி என்ற இந்த இரட்டைக் குணத்துக்காகத்தான் கண் மருத்துவர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள்.

அறுவை முடிந்ததும் இதை முழுமையாகக் கழுவி எடுத்துவிட வேண்டும். தங்கிவிட்டால், நீர் வெளியேறும் நுண்வழிகளை அடைத்துக்கொண்டு அன்றிரவே கண்ணழுத்தம் ஏறும். பயிற்சிக் காலத்தில் நான் அவசரமாக முடித்த ஓர் அறுவையில் இது நேர்ந்தது. நோயாளி இரவு முழுவதும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுத்தம் குறைந்து பார்வையும் நன்றாகவே கிடைத்தது என்றாலும், கழுவும் நேரத்தைச் சுருக்கும் பழக்கம் அன்றோடு என்னை விட்டுப் போனது. உங்கள் அம்மாவின் சீட்டில் இருப்பது ஹையலூரானிக் அமிலமாகவே இருக்கும் என்றும் உறுதி சொல்ல முடியாது. நம் நாட்டில் செல்லுலோஸிலிருந்து செய்யும் விலை குறைந்த வேறொரு கூழும் பெருவாரியாகப் பயன்படுகிறது. சிக்கலற்ற அறுவைக்கு அதுவே போதும்.

இராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை ஒன்றில் ஊறல் பிரிவில் மேற்பார்வை பார்க்கிறேன். தோலில்தான் இந்த அமிலம் அதிகம் என்று படித்தேன். அப்படியானால் நாங்கள் நாள்தோறும் கழுவி விடும் நீரில் போவது இதுதானா?
– வாசகர், இராணிப்பேட்டை

ஆம், தம்பி. நல்ல கேள்வி; இதை இத்தனை ஆண்டுகளில் என்னிடம் யாரும் கேட்டதில்லை. 70 கிலோ எடையுள்ள மனிதர் ஒருவரின் உடலில் மொத்தம் 15 கிராம் அளவுக்கு இந்தப் பொருள் உண்டு. அதில் ஏறத்தாழ பாதி தோலில் இருக்கிறது. நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கு சிதைந்து புதிதாக உண்டாகிறது. ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் இதற்கு விலக்கல்ல. இது தோலுக்கு வலுத்தரும் கொலாஜன் என்ற புரத இழைகளோடு வேதிப் பிணைப்பு இல்லாமல் இடையில் நிரம்பியிருப்பதால், நீங்கள் ஊற வைக்கும்போதே உப்புநீரில் பெருமளவு கரைந்து வெளியேறுகிறது. இதன் உறவுக்காரப் பொருளான டெர்மட்டான் சல்பேட் அவ்வளவு எளிதில் விடாது. அது சுண்ணாம்புத் தொட்டிக்குப் போன பிறகுதான் கழன்று, இழைகள் பிரிந்து, தோல் ‘திறந்துகொள்ளும்’. இவை சரியாக வெளியேறாவிட்டால் பதனிட்ட தோல் விறைப்பாக நிற்கும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த நீரிலிருந்து மருந்து எடுக்கலாமே என்று தோன்றும். உப்பு, இரத்தம், கொழுப்பு, கிருமிகள் எல்லாம் கலந்த நீரில் இது மிகக் குறைந்த செறிவில் இருக்கிறது. சரங்களும் அறுபட்டுக் குட்டையாகியிருக்கும். கலனில் வளரும் பாக்டீரியா தூய்மையாகத் தரும்போது இந்த வழி கட்டாது. தோலில் எஞ்சும் கொலாஜன் கதை வேறு. சென்னை அடையாறிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், கொலாஜனைத் தீப்புண் போன்ற காயங்களுக்கான போர்வையாக மாற்றும் ஆய்வில் நெடுங்காலமாக ஈடுபட்டிருக்கிறது.

நான் வேலூரில் உயிரித்தொழில்நுட்பம் படிக்கிறேன். திசுப் பொறியியலில் ஹையலூரானிக் அமில ஹைட்ரோஜெல் பற்றி ஆய்வுத் திட்டம் எடுக்க விரும்புகிறேன். இது உடலுக்கு நன்மை செய்வதாகச் சில கட்டுரைகளும், அழற்சியையும் புற்றுநோயையும் தூண்டுவதாகச் சில கட்டுரைகளும் சொல்கின்றன. எதை நம்புவது?
– மாணவி, வேலூர்

இரண்டையும் நம்பலாம் அம்மா, ‘எத்தனை முழம்’ என்று கேட்டுவிட்டு. நீளமான சரம் பொதுவாக அழற்சியை அடக்குகிறது, செல்களை அமைதியாக இருக்கச் செய்கிறது. காயம்பட்ட இடத்தில் அதே சரம் அறுந்து துண்டாகும்போது, அத்துண்டுகளை ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு நோயெதிர்ப்புச் செல்கள் கிளர்ந்தெழுகின்றன. செல்களின் மேற்புறத்தில் இருக்கும் சிடி44 என்ற ஏற்பி இதைப் பற்றிக்கொள்கிறது. பல புற்றுச் செல்களில் அந்த ஏற்பி மிகுந்திருப்பதால், மருந்தை இந்தச் சரத்தில் கட்டி நேரே அங்கே அனுப்பும் முயற்சிகள் ஆய்வுக்கூடங்களில் நடக்கின்றன. மறுபக்கம், ஆப்பிரிக்காவில் மண்ணுக்கடியில் வாழும் மொட்டைத் துன்னெலிக்குப் புற்றுநோய் மிக அரிதாகவே வருகிறது. அதன் செல்கள் சுரக்கும் ஹையலூரானிக் அமிலம் மனிதருடையதைவிடப் பல மடங்கு நீளமானது என்றும், அதை நீக்கினால் அந்தப் பாதுகாப்பு தளர்கிறது என்றும் ரோசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டில் காட்டினார்கள். 2023ஆம் ஆண்டில் அதற்குரிய மரபணுவைச் சுண்டெலிக்குள் செலுத்தியபோது, அவற்றின் வாழ்நாள் சற்றே கூடியது. நான்கரை விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான். மனிதருக்கு அதிலிருந்து என்ன கிடைக்கும் என்று இப்போதே கணக்குப் போட வேண்டாம்.

கட்டுரைகள் முரண்படுவதற்கு இன்னொரு சில்லறைக் காரணமும் உண்டு. பாக்டீரியாவிலிருந்து எடுத்த தூளில் எண்டோடாக்சின் என்ற நச்சுப் பொருள் துளி ஒட்டியிருந்தாலும், அதுவே அழற்சியை உண்டாக்கிவிடும்; பழி துண்டுச் சரத்தின்மேல் விழும். ஆகவே ஒரு கட்டுரையைப் படிக்கும்போது முடிவுப் பகுதிக்கு ஓடாமல், செய்முறைப் பகுதியில் மூலக்கூறு எடையும் எண்டோடாக்சின் அளவும் குறித்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அக்கட்டுரையைப் பாதி நம்பிக்கையுடன் படியுங்கள்.

திசுப் பொறியியலில் இதன் பணி, கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தின் பணியைப் போன்றது. கொத்தனார் நின்று வேலை செய்யும்வரை சாரம் தாங்க வேண்டும், வேலை முடிந்ததும் பிரிந்துவிட வேண்டும். செல்கள் ஏறி நின்று தமக்குரிய திசுவைக் கட்டும்வரை ஜெல் தாங்கி, பின்னர் உடலிலுள்ள ஹையலூரானிடேஸ் நொதியால் கரைய வேண்டும். இயற்கைச் சரம் அவ்வளவு நாள் தாங்காது என்பதால்தான் வேதியியலார் அதில் கைவைக்கிறார்கள். மெத்தாக்ரிலேட் தொகுதிகளைச் சரத்தில் இணைத்து, ஒளி பட்டவுடன் இறுகும்படி செய்வது ஒரு வழி. முப்பரிமாண அச்சில் செல்களோடு சேர்த்துப் பிழிந்து உருவம் கொடுக்க அது ஏற்றது. பென்சைல் எஸ்டராக மாற்றி, நீரில் கரையாத இழையாக நெய்வது இன்னொரு வழி. குறுக்குப் பிணைப்பைக் கூட்டினால் சாரம் உறுதியாகும், ஆனால் செல்கள் நகர இடமின்றித் திணறும்; குறைத்தால் செல்கள் பரவும், ஆனால் சாரம் முன்கூட்டியே சரியும். உங்கள் திட்டத்தின் பெரும்பகுதி இந்த இழுபறியிலேயே கழியும். சரம் மட்டும் இருந்தால் பல வகைச் செல்கள் அதில் சரியாக ஒட்டுவதில்லை என்பதால், ஜெலட்டினோ கொலாஜனோ கலப்பதும் வழக்கம்.

கட்டுரைகளில் எழுதப்படாத இரண்டு குறிப்புகளைச் சொல்கிறேன். தூளை மொத்தமாக நீரில் கொட்டினால் கேழ்வரகு மாவைப்போல் கட்டி தட்டிவிடும், உள்ளே உலர்ந்த மாவும் வெளியே பிசினுமாக. சுழலும் நீரில் சிட்டிகை சிட்டிகையாகத் தூவி, குளிர்ச்சியில் இரவு முழுவதும் மெல்லச் சுழல விடுங்கள். வேகமாகக் கலக்கினால் சரமே அறுந்துவிடும். கிருமி நீக்கவென்று உயரழுத்த நீராவியிலோ காமாக் கதிரிலோ வைத்தாலும் சரம் குட்டையாகும். 15 இலட்சம் டால்டன் என்று புட்டியில் எழுதியிருப்பதை நம்பி, அதில் பாதிகூட இல்லாத சரத்தில் ஆறு மாதம் சோதனை செய்த மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிருமி நீக்கிய பிறகு ஒருமுறை எடையை அளந்துவிடுங்கள்.

நோயாளியிடம் வந்து சேர்ந்த உயிர்ப்பொருள்களையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். வயிற்று அறுவைக்குப் பின் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமலிருக்க இடையில் வைக்கப்படும் மெல்லிய தாள், இதையும் செல்லுலோஸையும் சேர்த்துச் செய்தது. 1996ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிறுநீர் பின்னோக்கி ஏறும் குழந்தைகளுக்கு, சிறுநீர்க்குழாய் சிறுநீர்ப்பைக்குள் திறக்கும் வாயிலில் சிறு மேடாகச் செலுத்தப்படும் கூழ் 2001ஆம் ஆண்டில் அங்கே அனுமதி பெற்றது. குருத்தெலும்பை வளர்ப்பதோ இன்னும் ஆய்வு மேசையில்தான் பெரிதும் இருக்கிறது. நம் ஊரிலேயே பாகாயத்தில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே நடக்கும் கருத்தரங்குகளுக்கு இடம் கிடைத்தால் போய் உட்காருங்கள்.

முகத்துக்குத் தடவும் ஹையலூரானிக் சீரம் சுருக்கத்தைப் போக்குமா? அழகு நிலையத்தில் உதட்டுக்கு ‘ஃபில்லர்’ ஊசியும் போடுகிறார்கள். போட்டுக்கொள்ளலாமா?
– வாசகி, வாணியம்பாடி

சீரம், தோலின் மேற்புறத்தை ஈரமாக வைக்கும். சிறு கோடுகள் சில மணி நேரம் தெரியாது. நீளமான சரம் தோலைத் துளைத்து உள்ளே போவதில்லை. ஒரு கிராம் ஆறு லிட்டர் நீரைப் பிடித்துவைக்கும் என்ற விளம்பர வாசகத்தை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு கிராமை ஆறு லிட்டர் நீரில் கரைத்தால் கிடைப்பது வெறும் நீர்த்த கரைசல். நம் ஊரின் சித்திரை வெயிலில், வறண்ட காற்றில், ஈர முகத்தில் தடவி மேலே சாதாரணக் களிம்பையும் பூசினால்தான் அந்த ஈரம் நிற்கும்.

ஃபில்லர் ஊசி என்பது குறுக்குப் பிணைப்பிட்ட ஜெல். அதை அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ளவே கூடாது. முகத்தின் இரத்தக் குழாய்க்குள் தவறிப் போனால் தோல் அழுகலாம். மூக்கு, நெற்றிப் பகுதிகளில் போடும்போது கண்ணின் குழாய் அடைபட்டுப் பார்வையே போனவர்கள் உண்டு. உடனே ஹையலூரானிடேஸைச் செலுத்திக் கரைக்கத் தெரிந்த மருத்துவர், அந்த மருந்தையும் கையருகே வைத்துக்கொண்டு செய்யவேண்டிய வேலை அது.

அப்பாவுக்கு நீரிழிவு. பாதத்தின் அடியில் புண் மூன்று மாதமாக ஆறவில்லை. ஹையலூரானிக் அமிலம் கலந்த புண் மருந்து வாங்கலாமா?
– வாசகர், ஆம்பூர்

வாங்கலாம், ஆனால் அது இரண்டாவது வேலை. இத்தகைய மருந்துகள் புண்ணை ஈரமாக வைத்துச் செல்கள் நகர்ந்துவர உதவுகின்றன, சில ஆய்வுகளில் ஆறுவதும் சற்று விரைகிறது. எனினும் உணர்ச்சியற்ற பாதத்தில் அதே புண்ணின்மேல் உங்கள் தந்தை நாள்தோறும் நடந்துகொண்டிருந்தால் எந்த ஜெல்லும் தோற்றுப்போகும். இந்தப் பாடத்தை உலகுக்குக் கற்றுத்தந்ததில் நம் மண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் அழுகுவது நோயால் நேரடியாக அன்று, வலி தெரியாமல் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தத்தால் என்று கண்டார். மாவுக்கட்டுப் போட்டு அந்த அழுத்தத்தை எடுத்துவிட்டபோது ஆறாத புண்கள் ஆறின. கரிகிரியில் தொழுநோயாளிகளுக்கென்று செய்துவந்த மென்ரப்பர்ச் செருப்பும் அந்த வழியில் வந்ததே.

முதலில் நீரிழிவுப் பாதம் பார்க்கும் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, இரத்த ஓட்டத்தையும் எலும்பில் சீழ் ஏறியிருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். புண்ணின் மேல் பாரம் விழாமலிருக்கக் கட்டோ தனிச் செருப்போ கேளுங்கள். இப்போது போட்டுக்கொண்டிருக்கும் செருப்பைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். ஆணி முனையோ கூழாங்கல்லோ அகப்பட்டால், மூன்று மாதமாக ஆறாததற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும்.